சுவருக்குள் போன முத்திரை

போன வாரம் இளையவன் நூலகத்து வாசிப்பு அறையில் நின்றுகொண்டு, படிக்க வந்தவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்க்க, "தப்பு எங்க அக்காவோடதுதாங்க, அளவு மாத்தி எடுத்துட்டா" என்று சொன்னானே, அந்தப் பேச்சு இந்த வாரம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட பேச்சுகளுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை, தானாகவே வந்துவிடும்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது மரத்தில் கதவும் சன்னலும் செய்கிற குடும்பத்தின் கதை. பட்டறை பெரியவருடையது. அவருடைய மூத்த மகள்தான் அங்கே அளவெடுப்பவள், துளை போடுபவள், மரத்தோடு மரத்தைப் பூட்டுபவள். மகன், அதாவது இளையவன், வாடிக்கையாளர்களிடம் பேசுகிறவன். வாயால் செய்யக்கூடிய வேலை எதையும் அவன் பாக்கி வைத்ததில்லை. அவன் மனைவி, செய்து முடித்த கதவுகளுக்கு எண்ணெய் பூசுகிறாள். மூத்தவளின் கணவர் லாரிக்காரர். காட்டிலிருந்து பட்டறைக்கு மரம் கொண்டுவருவது அவர்தான்.

அந்தக் காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு. முதிர்ந்ததைப் பார்த்து வெட்டுவார்கள், பக்கத்தில் நிற்கிற இளசைத் தொட மாட்டார்கள், வெட்டிய இடத்தில் கன்று வைப்பார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை கோடரியே உள்ளே போகாமல் காட்டுக்கு ஓய்வு விடுவார்கள். அறுத்த பலகையின் நுனியில் அந்த மரத்தின் எண்ணை இரும்பு முத்திரையால் அடித்து அனுப்புவார்கள்.

பெரியவரின் பட்டறையில் அந்த முத்திரையை அறுத்து எறிகிற வழக்கம் இல்லை. சன்னல் சட்டத்தின் மேல்கட்டை இரண்டு பக்கமும் சுவருக்குள் ஒரு சாண் நீளத்துக்குப் போகும். அதற்குக் காது என்று பெயர். முத்திரை அந்தக் காதின் நுனியில் வரும்படி வைத்து, மேலே பூச்சுப் பூசிவிடுவார்கள். அப்புறம் அதை யாரும் பார்க்கப்போவதில்லை. யாரும் பார்க்காத இடத்தில் வைப்பதுதான் பெரியவருக்குப் பெருமை. காது வைக்கிற வேலையை அவர் இன்னொருவர் கையில் விட்டதே கிடையாது, மகள் கையில்கூட.

நூலகத்துக்கும் இப்படித்தான் சன்னல்கள் போயின. போய், முதல் மழைக்கே உப்பிக்கொண்டு மூட மறுத்தன. மழை உள்ளே வந்து ஓர் அலமாரிப் புத்தகங்களை நனைத்தது. யாராவது ஒருவர் தப்புச் செய்திருக்க வேண்டுமே என்று இளையவன் சுற்றுமுற்றும் பார்த்தான், அக்கா கண்ணில் பட்டாள். அவளுடைய கைவேலையை அதுவரை ஒருவர் குறை சொன்னதில்லை.

*

அன்று காலையில் லாரிக்காரர் மனைவிக்கு முன்னால் எழுந்து தேநீர் போட்டுவைத்தார். சாப்பாடும் கட்டிவைத்தார். கொஞ்ச நாளாகவே அவருக்கு மனைவிமேல் பாசம் பொங்கி வழிகிறது. கல்யாணமான புதிதில்கூட இப்படி இல்லை என்று மூத்தவள் சிரித்துக்கொண்டாள்.

தம்பி பேசியதை முந்தின நாள் அவரிடம் சொல்லி அழுதிருந்தாள். மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு மைத்துனனைக் கேட்கப் போவார் என்று எதிர்பார்த்தாள். "விடு, நேரம் சரியில்லை" என்றார் அவர். அது அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

காட்டுக்கு ஓய்வு முடிந்துவிட்டது, இன்றைக்கு முதல் லோடு ஏற்றுகிறேன், சாயங்காலம் பட்டறைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"பட்டையை மறந்துடாதீங்க" என்றாள் இவள்.

ஒவ்வொரு லோடுக்கும் பலகை விளிம்பிலிருந்து ஒரு துண்டு மரப்பட்டையை உரித்துக் கொண்டுவந்து அவள் வேலை மேசைமேல் வைப்பது அவர் பழக்கம். மல்லிகைப்பூ வாங்கிவர வேண்டிய ஆள் மரப்பட்டை கொண்டுவருகிறார் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவளுக்கு அது பிடிக்கும். பச்சை வாசனை போகிறவரை மோந்து பார்த்துக்கொண்டே வேலை செய்வாள். நடுவில், ஓய்வுக்கு முன்பே வெட்டிக் காய்ந்த மரம் என்று சொல்லி ஏற்றிவந்த ஒரே ஒரு லோடுக்கு மட்டும் மறந்துபோனார். வயசாகிவிட்டது என்று சொல்லி அதற்கும் சிரித்திருந்தாள்.

பட்டறைக்குள் நுழைந்ததும் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அவளுடைய மேசைமேல் யாருடையதோ ஒரு கருவிப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அவளுடைய இழைப்புளியும் உளிகளும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் அள்ளிப் போடப்பட்டு வாசல் ஓரமாக இருந்தன. உளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கூர் என்னத்துக்கு ஆகும் என்றுகூட யோசிக்காமல் போட்டிருந்தார்கள்.

புது மேஸ்திரி ஒருவரை ஏற்பாடு செய்திருப்பதாக இளையவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். அவர் டீ குடிக்கப் போயிருக்கிறாராம். நூலகத்து விஷயம் ஆறுகிறவரை அக்கா கண்ணாடி மாட்டுகிற வேலையைப் பார்க்கலாமாம். அதுவும் முக்கியமான வேலைதானாம்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சே?"

"அப்பாவைக் கேட்டுத்தான்."

பெரியவர் கொட்டகைக் கோடியில் பலகை அடுக்கின் பக்கம் நின்றிருந்தார். அடுக்கில் அன்றைக்குப் பார்க்கிறதற்கு ஒன்றுமில்லை, இருந்தாலும் பார்த்துக்கொண்டே நின்றார். மகள் போய்க் கேட்டதும், "கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்று பலகையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா? காய்ச்சலோடு வந்து கதவுக்கு மரம் பூட்டியிருக்கிறாள், பிரசவத்துக்குப் போகிற மாசம்வரை துளை போட்டிருக்கிறாள். அவளைக் கேட்காமல் அவள் மேசையைக் காலி செய்ய இவர்களுக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அந்தப் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தாள். பெட்டி என்ன பாவம் செய்தது என்று மெதுவாகத்தான் வைத்தாள்.

அன்றைக்கு நூலகத்துக்குப் போய்ச் சன்னல்களைச் சரிசெய்து தருவதாகப் பேச்சு. எப்படிச் சரிசெய்வது என்பதற்கு இளையவன் ஒரு வழி வைத்திருந்தான். உப்பின விளிம்புகளை இழைத்துவிட்டால் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான் என்றான். இப்போது இழைத்தால் இப்போது மூடும். வெயில் காலத்தில் மரம் சுருங்கினால் சந்தில் விரல் போகும். அது தெரியாதவன் மரப்பட்டறையில் பிறந்திருக்கக் கூடாது.

அதைவிட மூத்தவளைக் குடைந்தது வேறொன்று. இவர்கள் பட்டறையில் பலகைகளை நடுநடுவே குச்சி வைத்து அடுக்கி, காற்று ஓடவிட்டு, ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் பார்த்த பிறகுதான் ரம்பத்தைத் தொடுவார்கள். அப்படிக் காய்ந்த மரம் ஒரு மழைக்கு ஏன் இப்படி உப்ப வேண்டும்? நூலகத்து மரம் கைக்கு வந்தபோதே கனமாக இருந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பாவைக் கேட்டாள். கொட்டகைக் கூரை ஒழுகி மேலே கொஞ்சம் நனைந்துவிட்டது, ஒன்றும் ஆகாது என்றார். அப்பா சொன்னால் அந்தப் பட்டறையில் ஈரமும் காய்ந்துவிடும். அவளும் நம்பி அறுத்தாள்.

முதலில் அளவு சரி என்று காட்ட வேண்டும். அதற்கு அளவுக்குச்சி வேண்டும். அவள் அளவைத் தாளில் எழுதுகிறவள் இல்லை. வேலைக்கு ஒரு ரீப்பர் குச்சி எடுத்து, சன்னலுக்காகச் சுவரில் விட்ட இடத்தில் நேராகவே வைத்து, அகலம், உயரம், கீல் வரும் இடம் எல்லாவற்றையும் கத்தியால் கீறிக்கொள்வாள். அப்புறம் குச்சி சொல்வதுதான் சட்டம். முடிந்த வேலைகளின் குச்சிகள் கூரைக்கடியில் ஒரு பரணில் இருக்கும். ஏறிப் பார்த்தாள். எல்லாக் குச்சியும் இருந்தன, நூலகத்துக் குச்சி மட்டும் இல்லை.

இளையவனுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாதாம். சொல்லும்போது காதைச் சொறிந்துகொண்டான். சின்ன வயசிலிருந்து பொய் சொன்னால் அவனுக்குக் காது அரிக்கும்.

பின்கட்டிலிருந்து அவன் மனைவி ஒரு நீளக் குச்சியோடு வந்தாள். "அண்ணி, துணிக்கொடிக்கு முட்டுக் கொடுக்க ஒரு குச்சி எடுத்திருந்தேன். இது உங்களுதான்னு பாருங்க" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். கையில் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அடுப்புல போடச் சொன்னாரு. எனக்கு மனசு வரல" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். அந்தச் சன்னல்கள் எண்ணெயே குடிக்கவில்லையாம். பூசப்பூச மேலேயே நின்றதாம். அப்போதே புருஷனிடம் சொன்னாளாம், வாயை மூடிக்கொண்டு பூசு என்றானாம்.

காய்ந்த மரம் எண்ணெயைப் பசித்த பிள்ளை மாதிரிக் குடிக்கும். பச்சை மரம்தான் குடிக்காது. மூத்தவள் உளிக்கூடையைத் தூக்கிக்கொண்டாள். இந்தத் திருட்டு வேலை தம்பியுடையது என்று அப்போதே முடிவுகட்டிவிட்டாள்.

*

நூலகத்து வாசிப்பு அறையில் சன்னலுக்குச் சன்னல் வாளி வைத்திருந்தார்கள். நனைந்த புத்தகங்களை மின்விசிறிக்குக் கீழே பக்கம் விரித்து நிற்கவைத்திருந்தார்கள். சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டு இனிப் பிரியாது என்று கிடந்தன. வாசலில் ஒரு சின்னப் பலகை மாட்டியிருந்தது. இந்தச் சன்னல்களின் மரம் எந்தக் காட்டில் எப்படி வளர்த்து வெட்டப்பட்டது என்று அதில் அழகாக எழுதியிருந்தது.

நூலகர் ஓர் அம்மாள். அதிர்ந்து பேசாதவர். ஆனால் நனைந்த புத்தகங்களோடு நாலு நாள் குடித்தனம் நடத்தினால் யாருக்குமே குரல் மாறும். இளையவன் இழைப்புளியை எடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கே தப்புன்னு முதல்ல எனக்குக் காட்டுங்க. அப்புறம் கையை வைங்க."

மூத்தவள் குச்சியை எடுத்துச் சுவர்த் திறப்பில் வைத்தாள். இந்தக் கோடு இந்த விளிம்பு, அந்தக் கோடு அந்த விளிம்பு. மயிரிழை விலகவில்லை. அடுத்த சன்னலிலும் வைத்தாள், அதற்கடுத்ததிலும் வைத்தாள். நூலகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து தானே பார்த்தார். படிக்க வந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். போன வாரம் தலையைத் தூக்கிப் பார்த்தவர்கள்தான் அவர்கள்.

அளவு சரி என்றானதும் இளையவன் சளைத்தானா? இல்லை. அளவு சரியென்றால் மரத்தைப் பூட்டியதில்தான் தப்பு, மூலை விட்டிருக்கும், எதுவானாலும் இழைத்தால் சரியாகிவிடும் என்றான். விளக்கெண்ணெய் தடவிய விலாங்கு மாதிரி எங்கே பிடித்தாலும் நழுவினான்.

"சட்டத்தைக் கழட்டித்தான் பார்க்கணும். காது பக்கம் பூச்சை உடைக்கிறேன்" என்றாள் மூத்தவள்.

கூடவே வந்து ஓரமாக நின்றிருந்த பெரியவர், "சுவரை உடைக்க வேணாம்மா" என்றார்.

பூச்சுதானே அப்பா, பூசிக்கொள்ளலாம் என்றாள்.

"வேணாம்னு சொல்றேன்ல."

அப்பாவுக்கு எப்போதிலிருந்து சுவர்மேல் இவ்வளவு அக்கறை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. நூலகர் உடைக்கச் சொன்னார். சுவர் அவருடையது, பேச்சு முடிந்தது.

கொட்டாப்புளியால் உளியைத் தட்டித்தட்டிப் பூச்சை எடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் காது தெரிந்தது. அதன் நுனியில் முத்திரை இருந்தது. வட்டத்துக்குள் எண், எப்போதும் இருக்கிற மாதிரியே.

மூத்தவள் உளியைக் கீழே வைத்தாள். முத்திரை இருந்தால் மரம் அந்தக் காட்டு மரம்தான். மரம் சரியானதென்றால் தப்பு தன்னுடையதா? இளையவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. நூலகர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்தவர் சந்தேகப்பட்டால் சண்டை போடலாம், தன்னையே சந்தேகப்பட வைத்துவிட்டார்களே.

தூசியைத் துடைப்போம் என்று ஈரத்துணியால் காதைத் துடைத்தாள். துடைத்தவள் அப்படியே குனிந்து நின்றாள்.

முத்திரை இருந்த நுனியிலிருந்து மரத்தின் ரேகைகள் நெருக்கமாக ஓடிவந்தன. ஓடிவந்து ஓரிடத்தில் நின்றுவிட்டன. அதற்கு அந்தப் பக்கம் அகல அகலமான வேறு ரேகைகள். நடுவே ஒரு மெல்லிய கோடு. முத்திரைத் துண்டு ஒரு மரம், மீதிச் சட்டம் இன்னொரு மரம். பழைய பலகையின் நுனியை அறுத்து, புது மரத்தோடு ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

அவள் அதை விரலால் காட்டினாள். வாய் திறப்பதற்குள் இளையவன் முந்திக்கொண்டான்.

"பாத்தீங்களா? கட்டையைக் குட்டையா அறுத்துட்டு, வெளிய தெரியாம ஒட்டுப் போட்டு வச்சிருக்கா."

நல்ல பிள்ளை. பெற்ற வயிற்றில் பிரண்டையைக் கட்டிக்கொள்ள அந்தத் தாய் இன்று உயிரோடில்லை. படிக்க வந்தவர்கள் மறுபடியும் அவளைப் பார்த்தார்கள். பெரியவர் வாளியில் சேர்ந்திருந்த மழைத் தண்ணீரைப் பார்த்தார்.

மூத்தவள் மறுபடியும் காதுப் பக்கம் திரும்பினாள். ஒட்டின இடத்தைப் பிடித்திருந்த மர ஆணியைச் சின்ன உளியால் தட்டி வெளியே தள்ளினாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எட்டுப் பட்டையாகச் செதுக்கிய ஆணி. நுனியில் நெல்மணி அகலத்துக்கு ஒரு வெட்டு, அந்த வெட்டில் ஒரு சின்ன ஆப்பு. வாங்கிய ஆணி இல்லை, இயந்திரம் கடைந்ததும் இல்லை. இப்படி ஆணி செதுக்குகிற கை அந்தப் பட்டறையில் ஒன்றே ஒன்றுதான்.

தம்பியின் கை இல்லை. அவனுக்கு ஆணியைத் தலைகீழாகப் பிடித்துத்தான் பழக்கம்.

அந்த நூலகத்தில் இருந்த ஒட்டுகளிலேயே நேர்த்தியான ஒட்டு அந்தப் பொய் ஒட்டுதான். உளியால் தேடினாலொழிய அகப்படாது. தப்பைக்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறாரே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. காது வேலையை யாரிடமும் விடாத மனுஷன். அவள் எழுந்து போய் அந்த ஆணியை அப்பாவின் கையில் வைத்தாள்.

"அப்பா, இது யார் செதுக்கினதுன்னு நீங்களே சொல்லுங்க."

விசிறிக் காற்றில் நனைந்த பக்கங்கள் படபடத்தன. பெரியவர் ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெற்ற பிள்ளையை அடையாளம் காட்டச் சொன்ன மாதிரி இருந்தது அவர் முகம்.

"நான்தாம்மா" என்றார்.

பிறகு நூலகர் பக்கம் திரும்பி மீதியைச் சொன்னார். காடு ஓய்வில் இருந்தது. கையிருப்பு மரம் தீர்ந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்து அழைப்பிதழும் அடித்துவிட்டார்கள். முடியாது என்று ஒருவரிடமும் சொல்லிப் பழக்கமில்லாத வாய், இவரிடமும் சொல்லவில்லை. வெளியே ஒரு மர டிப்போவில் பலகை கிடைத்தது. எந்தக் காட்டு மரம் என்று அவர்கள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பழைய வேலைகளில் மீந்த துண்டுகளின் முத்திரை நுனிகளை அறுத்து ஒட்டினார். பச்சை மரம் என்று தெரிந்தேதான் மகளிடம் கொடுத்தார்.

நூலகர் கத்தவில்லை. வாசலுக்குப் போய் அந்தச் சின்னப் பலகையைக் கழற்றி எடுத்து வந்து, எழுத்துத் தெரியாதபடி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"திறப்பன்னிக்குப் பிள்ளைங்களைக் கூப்பிட்டு, இந்த மரம் எப்படி வளந்துச்சுன்னு நானே கதை சொன்னேன். கை தட்டுனாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

பெரியவர் கையிலிருந்த ஆணியை மேசை ஓரத்தில் வைத்தார்.

"நாள் ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காத்திருந்திருப்பேனே" என்றார் நூலகர்.

எல்லாச் சன்னலையும் எடுத்துவிட்டுச் சரியான மரத்தில் செய்து தர வேண்டும், எத்தனை மாதம் ஆனாலும் சரி என்றார். மூத்தவளைக் காட்டி, இவர்தான் செய்ய வேண்டும் என்றார். போன வாரம் இவரை அப்படிப் பேசியபோது நானும் கேட்டுக்கொண்டு நின்றேன், அதற்கு வருத்தப்படுகிறேன் என்றும் சொன்னார். பிறத்தியார் அவர், அவர் வருத்தப்பட்டார். பெற்றவரும் உடன்பிறந்தவனும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

*

திரும்பி வருகிற வழியெல்லாம் மூத்தவள் முன்னால் நடந்தாள். பட்டறை வாசலில் இளையவன் ஓடிவந்து மறித்தான். அக்கா கோபப்படக் கூடாது, குடும்பத்துக்காகத்தான் சொன்னேன் என்றான்.

"அப்பா பேர் போச்சுன்னா பட்டறையே போச்சு. உன் மேலன்னா அது ஒரு அளவுத் தப்பு, அவ்வளவுதானே. யாருக்கும் வர்றதுதான். நீ தாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

"தாங்குறதுக்கு நான் என்ன தூணாடா?"

அவன் வாயடைத்து நின்றான். அவன் வாய் அடைத்ததை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

"அவர் பேர் அவருக்குப் பெருசுன்னா, என் கை எனக்குப் பெருசு இல்லையா? என் மேசையைக் காலி பண்ணீங்களே, ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது தூக்கம் கெட்டுச்சா?"

பெரியவர் தலை குனிந்தே நின்றார். மூத்தவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பாவம் பார்த்துப் பார்த்துத்தான் இந்த நிலைமை என்று அடுத்த நிமிஷமே நினைத்துக்கொண்டாள். திடீரென்று இன்னொன்று தோன்றியது. காலையிலிருந்து இவ்வளவு ஆத்திரத்தில் அதை மட்டும் கேட்காமல் விட்டிருந்தாள்.

"டிப்போவுலேருந்து அவ்வளவு மரம் இங்க எப்படி வந்துச்சு? ரெண்டு பேரும் தலையில சுமந்துட்டு வந்தீங்களா?"

இளையவன் அப்பாவைப் பார்த்தான். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லாதேம்மா. வாயைத் திறக்கக் கூடாதுன்னு நான்தான் அவர்கிட்ட கேட்டுக்கிட்டேன்" என்றார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். காலைத் தேநீர், கட்டிவைத்த சாப்பாடு, விடு நேரம் சரியில்லை என்ற சமாதானம், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து தங்கள் உண்மை முகத்தைக் காட்டிவிட்டுப் போயின. பட்டை வராத அந்த ஒரு லோடும் வந்தது. வயசாகிவிட்டது என்று சிரித்தாளே, அந்தச் சிரிப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எண்ணெய் பூசியவளுக்குப் பாதி தெரிந்திருக்கிறது. பழியைச் சுமந்தவள் ஒருத்திக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. முதல் லோடு வந்துவிட்டது.

லாரிக்காரர் குதித்து இறங்கி நேராக அவள் மேசைக்கு வந்தார். கையில் ஈரம் காயாத ஒரு பட்டை. "நல்ல மரம், மோந்து பாரேன்" என்று மேசைமேல் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"நடுவுல ஒரு லோடுக்கு ஏன் கொண்டு வரல?"

அவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் தரையைப் பார்த்தார். தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துபோயிற்று. ஒரு காரணத்தைத் தேடி வாயைத் திறந்தார், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

லோடு இறக்குகிற ஆட்கள் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார்கள். மூத்தவள் வெளியே போய்க் கயிற்றில் கை வைத்தாள்.

"இறக்காதீங்க. வண்டி நூலகத்துக்குப் போகுது."

இளையவன் பதறிப்போனான். பச்சை மரத்தை அங்கே கொண்டுபோய் என்ன செய்வது, காய வேண்டாமா, அங்கே கொட்டகை உண்டா என்று அடுக்கினான்.

"பின்பக்கம் கூரை இருக்கு. அங்க அடுக்கறேன். அவங்க கண்ணு முன்னாடியே காயட்டும். காஞ்சதும் அங்கேயே அறுக்கறேன், அங்கேயே பூட்டறேன். காதும் நானே வைக்கறேன்."

கடைசி வார்த்தையில் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. உள்ளே போய் உளிக்கூடையை எடுத்தாள், அளவுக்குச்சியை எடுத்தாள். கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, காலையில் கீழே வைத்த அந்தக் கருவிப் பெட்டியைத் தூக்கி மறுபடியும் மேசைமேலேயே வைத்தாள்.

புருஷனைக் கூப்பிடவில்லை. லாரியின் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். லாரிக்காரர் மாமனாரைப் பார்த்தார், மைத்துனனைப் பார்த்தார், பட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் ஏறினார்.

வண்டி நகர்ந்தது. அவர் கொண்டுவந்த பட்டை, மோந்து பார்க்க ஆளில்லாமல், இருவருக்கும் நடுவே இருக்கையில் கிடந்து ஆடிக்கொண்டே வந்தது.